பேட்டரி மேல பழியைப் போடாதீங்க

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதறது. மஞ்சளுக்கு மண் அணைக்கிற வேலை பாதியில கிடக்கு, ஆள் கிடைக்கலை, அந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனா முக்கியமான கோபம் ஒரே ஒரு வாக்கியத்து மேலதான். "பேட்டரி போயிருச்சுங்க, மாத்திருங்க."

இந்த வாக்கியத்தைச் சொல்றவர் பத்து செகண்டுல சொல்லிடறார். கேட்கறவர் பத்து செகண்டுல பணத்தை எடுத்துடறார். நடுவுல யாரும் எதையும் அளக்கறதில்லை. இது வைத்தியமே இல்லை, வியாபாரம்ங்கறதுதான் என் கட்சி. ஏன் இவ்வளவு சூடா பேசறேன்னு தெரியணும்னா போன ஐப்பசியில ஒரு ராத்திரிக்கு வரணும்.

மணி பதினொண்ணே முக்கால் இருக்கும். நம்ம தோட்டத்துச் சாளையில குடியிருக்கற குடும்பத்துப் பையன், ஒன்பதாவது படிக்கறவன், பாய்ல படுத்திருந்தவன் வயிறு வலிக்குதுன்னு எழுந்திருக்கான். சாப்பாடு சேரலைன்னு ஓமத்தண்ணி குடுத்திருக்காங்க. கொஞ்ச நேரத்துல கண்ணு ரெப்பை தூக்க முடியாம தொங்க ஆரம்பிச்சிருக்கு. அப்பத்தான் அவங்கப்பா டார்ச் அடிச்சுப் பார்த்து, செவுத்தோரமா கட்டுவிரியன் கிடக்கறதைப் பார்த்தார். கட்டுவிரியன் கடிச்சா நல்ல பாம்பு மாதிரி வீக்கமோ வலியோ பெருசா தெரியாது. தூக்கத்துல கடி வாங்கினவனுக்குக் கடிச்சதே தெரியாமப் போகும். ஆனா மூச்சை நிறுத்திடும்.

108-க்குச் சொல்லியாச்சு. கிளம்பிட்டாங்க. ஆனா எங்க தோட்டம் மெயின் ரோட்டுல இருந்து வாய்க்கா மேட்டு வழியா உள்ள வரணும், ராத்திரியில புது டிரைவருக்கு வழி சொல்லி முடியாது. நாம பையனை ஏத்திக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டா பத்துப் பதினஞ்சு நிமிஷம் மிச்சம். வீட்டு வாசல்ல நம்ம மாருதி 800 நிக்குது. 2004 மாடல், நான் செகண்ட் ஹேண்டா வாங்கினது 2011-ல. பேட்டரி புதுசு, போட்டுப் பத்தொன்பது நாள்தான் ஆச்சு.

சாவியைத் திருகினா 'டிக்'. மறுபடி 'டிக்'.

ஹெட்லைட் பளிச்சுன்னு எரியுது. எதிர்ல மாட்டுக் கொட்டாய்ல படுத்திருந்த மாட்டோட கண்ணு ரெண்டும் பச்சையா மின்னறது எனக்குத் தெரியுது. அவ்வளவு வெளிச்சம். ஆனா எஞ்சின் சுத்தலை. அந்த வெளிச்சம் எனக்கு ஒரு சேதி சொல்லிக்கிட்டிருந்தது, அதைப் படிக்கத் தெரியாத முட்டாளா நான் உட்கார்ந்திருந்தேன். அதுக்குப் பின்னால வர்றேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா வாசல் பூரா மழைச் சேறு, தள்ள ரெண்டே பேர், வண்டி அரை அடி நகர்ந்து உட்கார்ந்துக்கிச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிக்குப் போன் பண்ணி, அவன் டிராக்டரை எடுத்துட்டு வந்து, ஜம்பர் கேபிள் மாட்டி வண்டியைக் கிளப்ப பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. பின் சீட்டுல அம்மா மடியில பையன் பேச்சு குழற ஆரம்பிச்சுட்டான்.

பையன் பிழைச்சுட்டான். ஆறு நாள் ஆஸ்பத்திரி, அதுல மூணு நாள் மூச்சுக்கு மிஷின். இப்ப பத்தாவது போறான். ஆனா அந்தப் பன்னிரண்டு நிமிஷம் எனக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

மறுநாள் பேட்டரி வாங்கின கடைக்குப் போனேன். பேர் வேண்டாம், நல்ல மனுஷன்தான். நடந்ததைச் சொன்னேன். "ஜம்ப் போட்டதும் ஸ்டார்ட் ஆச்சில்லீங்க? அப்ப பேட்டரியேதான். பீஸ் கம்ப்ளெயிண்டா இருக்கும். குடுத்துட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தர்றேன்."

நானும் தலையாட்டினேன். ஆனா இது எத்தனாவது தடவைன்னு அன்னைக்குத்தான் திண்ணையில உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினாலு மாசத்துல ரெண்டு பேட்டரி, 4,200-ம் 4,500-ம். நடுவுல ஒரு தடவை "செல்ஃப் மோட்டார் வீக்கா இருக்கு"ன்னு அதைப் பிரிச்சுக் கார்பன் மாத்தின வகையில 1,800. கிளட்ச் கேபிள் ரெண்டு தடவை, கூலியோட சேர்த்து 900. மொத்தம் 11,400 ரூபாய். அத்தனையும் செஞ்ச வண்டிதான் அந்த ராத்திரி 'டிக்'குன்னு நின்னுச்சு.

இதுல கிளட்ச் கேபிளை ஏன் சேர்த்தேன்னு நீங்க கேட்கலாம். மின்சாரத்துக்கும் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்னு நானும்தான் நினைச்சேன்.

எங்க ஊர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற மாமா ஒருத்தர் இருக்கார். போர்வெல் மோட்டார் எரிஞ்சா அவர்தான். கார் வேலை அவர் பார்க்கறதில்லை. வேற விஷயமா வந்தவர் என் புலம்பலைக் கேட்டுட்டு, "கிளட்ச் கேபிள் ரெண்டு வாட்டி போச்சா? பழைய கேபிள் இருக்குதா?"ன்னார். கொட்டாய்ல தொங்கிக்கிட்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். மேல் உறை உருகி, உள்ள கம்பியோட ஒட்டிப் போயிருந்தது.

"இது தேய்ஞ்சு போனதில்ல மாப்ள. வெந்து போனது. இதுக்குள்ள கரண்டு ஓடியிருக்கு."

அப்புறம் பையில இருந்து மல்டிமீட்டரை எடுத்தார். மோட்டார் கடைகள்ல 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கற மஞ்சள் கலர் மீட்டர்தான். மொதல்ல வண்டி நிறுத்தின நிலையில பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வெச்சார். 12.5. "முழுசா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கறப்ப 12.6, 12.7 காட்டணும். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழ போனா காலி. இது முக்காலுக்கு மேல இருக்குது, ஓடற அளவுதான்."

என்னைச் சாவி திருகச் சொல்லி, செல்ஃப் சுத்தறப்ப மறுபடி வெச்சார். அன்னைக்கு எஞ்சின் மெதுவா, முக்கி முக்கிச் சுத்துச்சு. பேட்டரி முனையில 11.4. செல்ஃப் சுத்தறப்ப 9.6-க்குக் கீழ போகாம இருந்தாலே பேட்டரி நல்லதாம். இது 11.4-ல அசையாம நிக்குது.

"பேட்டரி குதிர மாதிரி நிக்குது மாப்ள. மேலத் தண்ணித் தொட்டி நெறஞ்சிருக்கு, கொழாயில வரமாட்டேங்குது."

கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்லயும் சிவப்பு முனையை எஞ்சின் இரும்புலயும் வெச்சு மறுபடி சாவி திருகச் சொன்னார். ரெண்டும் ஒரே எர்த். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமாத்தான் இருக்கணும், கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. மீட்டர் காட்டுனது 4 வோல்ட்.

பன்னிரண்டுல நாலு, வழியிலயே காணாமப் போகுது. பேட்டரி மைனஸ்ல இருந்து ஒரு கேபிள் வண்டியோட பாடிக்குப் போகுது, இன்னொண்ணு கியர்பாக்ஸுக்குப் போகுது. பாடிக்குப் போறது நல்லா இருந்தது. அதனாலதான் ஹெட்லைட் பளிச்சுன்னு எரிஞ்சது. கியர்பாக்ஸுக்குப் போற கேபிள் மேல பார்த்தா ஒண்ணும் தெரியலை. முனையைக் கழட்டி ரப்பரை அறுத்துப் பார்த்தா உள்ள செம்பு பூராவும் பச்சைக் களிம்பு. தொட்டா உதிருது. அதுல வழி இல்லாததால செல்ஃப் இழுக்கற கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போக எஞ்சினையும் பாடியையும் இணைக்கற வேற ஏதாவது இரும்பைத் தேடியிருக்கு. கிளட்ச் கேபிள் கிடைச்சிருக்கு. அந்தக் கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்குமா? வெந்து போச்சு. நாங்க புதுசு மாட்டினோம், அதுவும் வெந்து போச்சு.

புது எர்த் கேபிள் 180 ரூபாய். இரும்பு உட்காற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, 10-ம் நம்பர் ஸ்பேனரால முறுக்கி, மேல வாசலின் தடவ அரை மணி நேரம். பத்து மாசம் ஆச்சு. ஒரு நாள் கூட 'டிக்' இல்லை.

இப்ப அந்தக் கடைக்காரர் சொன்னதுக்கு வருவோம். "ஜம்ப் போட்டதும் ஸ்டார்ட் ஆச்சில்ல, அப்ப பேட்டரியேதான்." இது எல்லாரும் நம்பற தர்க்கம், நீங்களும் நம்புவீங்க. ஆனா ஜம்பர் கேபிள் மாட்டற முறை என்ன? சிவப்பு, செத்த வண்டி பிளஸ்ல. அப்புறம் சிவப்பு, உதவிக்கு வந்த வண்டி பிளஸ்ல. கறுப்பு, உதவி வண்டி மைனஸ்ல. கடைசிக் கறுப்பை மட்டும் செத்த பேட்டரி மைனஸ்ல மாட்டாம எஞ்சின் இரும்புல, பேட்டரிக்குத் தள்ளி மாட்டணும். பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதுக்குப் பக்கத்துல பொறி பறக்கக் கூடாதுங்கறதுதான் காரணம். எங்க பங்காளியும் அன்னைக்கு அப்படித்தான் மாட்டினான். அதாவது, அழுகிப் போன எர்த் கேபிளுக்குப் பதிலா அவனோட தடிமனான கறுப்பு கேபிள் நேரா எஞ்சின்ல போய் உட்கார்ந்துச்சு. செல்ஃபைச் சுத்தினது டிராக்டர் பேட்டரி கரண்டுதான், ஆனா வண்டி கிளம்பினதுக்கு எங்க பேட்டரி கெட்டிருந்தது காரணம் இல்லை, அந்தக் கரண்டு அழுகின எர்த்தைத் தொடாம திரும்பிப் போக வழி கிடைச்சதுதான். அந்தக் கறுப்பு கேபிள்தான் காரணம். ஜம்ப் போட்டா ஸ்டார்ட் ஆகுதுங்கறது பேட்டரி கெட்டுப் போச்சுங்கறதுக்குச் சாட்சியே கிடையாது.

ஹெட்லைட் சொன்ன சேதியும் இதுதான். ராத்திரியில ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருகிப் பாருங்க. வெளிச்சம் மங்கிச் செத்துப் போனா பேட்டரி பக்கமோ, அதோட டெர்மினல் பக்கமோ, செல்ஃப் இறுகிக்கிட்டதோ, இதுல ஏதோ ஒண்ணு. வெளிச்சம் அப்படியே நின்னு செல்ஃப் மட்டும் சுத்தலைன்னா கரண்டு இருக்கு, செல்ஃப் வரைக்கும் போய் வர வழிதான் இல்லை. எர்த், செல்ஃப் சுவிட்ச், அதுக்குப் போற வயர்னு பார்க்கணும். இதுக்கு மீட்டர் கூட வேண்டாம், கண்ணு போதும். எனக்கு அன்னைக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு.

இன்னொரு நியாயமான கேள்வி. அப்படின்னா மொத பேட்டரி நிஜமாவே செத்துத்தானே போச்சு? கடைக்காரர் மெஷின் வெச்சுக் காட்டினாரே? ஆமா, செத்துத்தான் போச்சு. கொன்னது யாருங்கறதுதான் என் கேள்வி. மாமா எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டர் மேலயே வெச்சுப் பார்த்தார், 14.2. பேட்டரி முனையில 13.4. வண்டி ஓடறப்ப பேட்டரிக்கு 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் வந்தாத்தான் முழுசா ஏறும். ஆல்டர்னேட்டரும் எஞ்சின் மேலதானே உட்கார்ந்திருக்கு, அதுக்கும் அதே அழுகின எர்த்துதான். தினம் பால் ஊத்த மூணு கிலோமீட்டர், திரும்ப மூணு கிலோமீட்டர் ஓடற வண்டியில பேட்டரி என்னைக்குமே நிரம்பியிருக்காது. அரை வயித்துலயே கிடக்கற லெட் ஆசிட் பேட்டரிக்குள்ள தகட்டு மேல சல்பேட் படிஞ்சு கல்லா இறுகிடும், அப்புறம் என்ன சார்ஜ் பண்ணாலும் ஏறாது. மூணு நாலு வருஷம் வர வேண்டியது பதினாலு மாசத்துல போச்சு. நாங்க பொணத்தை எடுத்துட்டுப் புது ஆளை அதே கொலைகாரன் வீட்டுக்குக் குடி வெச்சோம். மாமா வராம இருந்திருந்தா ரெண்டாவதும் அடுத்த ஆடிக்குள்ள போயிருக்கும். அப்பவும் "இப்ப வர்ற பேட்டரி எல்லாம் சரியில்லீங்க"ன்னு பேசிக்கிட்டிருந்திருப்போம்.

மெக்கானிக்குகளைத் திட்டறதா நினைக்காதீங்க. கொஞ்சம் திட்டறேன்தான். இன்னும் சில பேர் ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதான்னு பார்க்க, வண்டி ஓடறப்ப பேட்டரி மைனஸைக் கழட்டி விடற வழக்கம் வெச்சிருக்காங்க. அந்தக் காலத்து டைனமோ வண்டியில பழகின கை. ஆல்டர்னேட்டர் வண்டியில அப்படிச் செஞ்சா வோல்டேஜ் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போகும். நோயைக் கண்டுபிடிக்கற சாக்குல நோயை உண்டாக்கறது. ஃபியூஸ் போனா அதுக்குப் பதிலா செம்புக் கம்பியைச் சுத்தறது இன்னொரு கொடுமை. நம்ம பம்ப்செட் ஃபியூஸ் கேரியர்ல பழகின புத்தி அப்படியே காருக்கும் வந்திருக்கு. பம்ப்செட்டாவது வெட்ட வெளியில இருக்கு. காருக்குள்ள நாம உட்கார்ந்திருக்கோம்.

ஆனா குத்தத்துல பாதி நம்ம பேர்ல எழுதணும். மாமா அன்னைக்கு ஒரு மணி நேரம் குனிஞ்சு நின்னு பார்த்தார். எவ்வளவுங்க மாமான்னேன். "போ சாமி, ஒரு கேபிள் மாட்டினதுக்கு என்னத்தக் கேக்கறது"ன்னுட்டார். இதுதான் விஷயமே. கேபிள் மாட்டினதுக்குக் காசு கேட்கலாம், கண்டுபிடிச்சதுக்குக் கேட்கக் கூடாது. டவுன் கடையில ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒரு மணி நேரம் அளந்து பார்த்துட்டு "எர்த் போயிருக்கு, கேபிள் 180, பார்த்த கூலி 500"ன்னு சொன்னா நாம குடுப்போமா? "சும்மா பார்த்ததுக்கு ஐநூறா?"ன்னு சண்டைக்குப் போவோம். அதே ஆள் ஒண்ணுமே பார்க்காம 4,500 ரூபாய்க்குப் பேட்டரி மாத்தினா பேசாம குடுத்துட்டு வர்றோம், அதுல அவருக்கு லாபமும் நிக்குது, நம்ம பழைய பேட்டரி ஈய விலைக்கும் போகுது. அளக்கறவனுக்குக் கூலி இல்லாத ஊர்ல எவன் அளப்பான்?

எங்க பொழப்புல இதை நான் தினம் பார்க்கறேன். மஞ்சள் இலை பழுத்தா மருந்துக் கடைக்கு ஓடறோம். இரும்புச் சத்துக் குறையா, வேர்ல தண்ணி நின்னு அழுகலா, நூற்புழுவான்னு கேட்க ஆள் இல்லை. கிழங்கைத் தோண்டி வேரைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும். ஆனா கடைக்காரர் அலமாரியில இருந்து ரெண்டு டப்பா எடுத்து வெப்பார், நாமளும் அடிப்போம். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியலை.

இனி பெங்களூர் மச்சான் விஷயம். என் வீட்டுக்காரியோட தம்பி. ஐப்பசி சம்பவம் கேட்டுட்டு போன்ல பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டான். "இருபது வருஷ டப்பாவை வெச்சுக்கிட்டு உயிரோட விளையாடறீங்க மாமா. எடைக்குப் போட்டுட்டுப் புது வண்டி எடுங்க." பதினஞ்சு வருஷம் தாண்டின காரை மறுபதிவு பண்ணற கட்டணம் 600-ஆ இருந்ததை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்களே, அதையும் சொல்லிக் காட்டினான். சர்க்காரே எடைக்குப் போடச் சொல்லுதுன்னு அர்த்தமாம்.

பொங்கலுக்கு வந்தான். எட்டு வருஷ வண்டி, கண்ணாடி மாதிரி வெச்சிருப்பான். போகி அன்னைக்கு வந்து நிறுத்தினது, மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் கோயிலுக்குப் போலாம்னு எடுத்தா சத்தமே இல்லை. நான் சிரிக்கலை. உண்மையாவே சிரிக்கலை, அக்கா மட்டும் சிரிச்சா.

அவன் வண்டிக்கு மூணு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சாம். அபார்ட்மெண்ட்ல போன் பண்ணா அரை மணி நேரத்துல ஆள் வந்து மாத்திட்டுப் போயிடுவானாம். அந்த வசதிதான் அவனுக்கு எதிரி, அவ்வளவு சீக்கிரமா விடை வந்துட்டா கேள்வி கேட்கவே நேரம் இருக்காது. மொதல்ல என் 800-ல இருந்து ஜம்ப் போட்டோம். இந்த இடத்துல என் டப்பா கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினது வாஸ்தவம். ஒரு சுத்து ஓட்டி சார்ஜ் ஏத்திட்டு வந்து நிறுத்தி, மாமா சொல்லிக் குடுத்த அடுத்த பாடத்தைப் பார்த்தோம். எல்லா விளக்கையும் அணைச்சு, கதவெல்லாம் சாத்தி, பேட்டரி மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவுல மீட்டரை ஆம்பியர்ல வெச்சுச் சேர்க்கணும். அந்த நேரம் மறந்தும் சாவியைத் திருகக் கூடாது, மீட்டரோட ஃபியூஸ் போயிடும். புது வண்டிகள்ல உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரம் கூட ஆகும், அதனால மாட்டின உடனே காட்டற நம்பரை நம்பக் கூடாது. அரை மணி கழிச்சும் 0.45 ஆம்பியர் ஓடுது. 0.05-க்கு மேல இருந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்.

கணக்கு எட்டாவது படிச்ச எனக்கே வரும். அவன் பேட்டரி 45 ஆம்பியர் மணி. 0.45-ஆல வகுத்தா நூறு மணி நேரம். நாலு நாள்ல சுத்தமா காலி, பாதிக்கு மேல இறங்கினாலே செல்ஃப் தடுமாறும், அதனால மூணாம் நாள் நின்னுச்சு. ஃபியூஸை ஒண்ணொண்ணா உருவிப் பார்த்தோம். ஒண்ணை உருவினதும் 0.02-க்கு இறங்கிச்சு. சீட்டுக்கு அடியில அவன் பின்னால ஆசைப்பட்டு மாட்டின பாட்டுப்பெட்டி ஆம்ப்ளிஃபையர். மாட்டின ஆள் சாவியோட அணையற வயர்ல சேர்க்காம, எப்பவும் கரண்டு இருக்கற வயர்ல முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்கான். ராத்திரி பூரா பாட்டில்லாம பாடிக்கிட்டிருந்திருக்கு. தினம் ஆபீஸ் ஓட்டின வரைக்கும் தெரியலை, வீட்டுல இருந்து வேலைன்னு வண்டி நிக்க ஆரம்பிச்சதும் பேட்டரி மேல பழி.

புது வண்டி எடுத்தா இது தீரும்னா நான் எடுத்துடுவேன். தீராது. கோடி ரூபாய் வண்டியிலயும் பெரும்பாலும் அதே 12 வோல்ட், அதே எர்த், அதே செம்பு. எலெக்ட்ரிக் காருக்குள்ள கூட ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. அது செத்தா அவ்வளவு பெரிய பேட்டரி நிறைஞ்சு கிடந்தும் வண்டி முழிக்காது. வித்தியாசம் என்னன்னா, என் வண்டியில காயில் கட்டற மாமா கையை விட முடியுது. மூடிக்கு மேல மூடி போட்ட வண்டியில விட முடியாது. அங்கயும் அளக்காம மாத்தறதே நடந்தா இன்னும் பெரிய காசுக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான்.

பழைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். இதெல்லாம் எனக்குச் செலவழிச்சுத் தெரிஞ்சது. டெர்மினல்ல வெள்ளையும் நீலமுமா பூத்திருந்தா சமையல் சோடாவை வெந்நீர்ல கரைச்சு ஊத்துங்க, நுரைச்சுக்கிட்டு போயிடும். மூடிக்குள்ள மட்டும் ஒரு சொட்டு போகக் கூடாது. கழட்டறப்ப மைனஸ் முதல்ல, மாட்டறப்ப மைனஸ் கடைசில, கையில மோதிரம் வேண்டாம். தண்ணி குறைஞ்சா டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குடிக்கற கேன் தண்ணி ஊத்தாதீங்க. மாசா மாசம் தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருந்தா, அழுகின முட்டை வாசம் வந்தா, அது பேட்டரி குத்தம்னு முடிவு கட்டறதுக்கு முன்ன எஞ்சினை ஓட விட்டு அளங்க. 15 வோல்ட்டுக்கு மேல காட்டினா ரெகுலேட்டர் போயிருக்கு, பேட்டரியை வேக வெச்சுக்கிட்டிருக்கு. எலி விஷயம் உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன், மச்சான் சொன்னான் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்லயும் எலி வயர் கடிக்குதாம். அப்ப அதுல மட்டும் நாம ஒரே ஊர்தான்.

உங்களுக்கு வண்டி கிளம்பலைன்னா ஒரு ஆட்டோ, ஒரு கால் மணி நேரத் தாமதம், ஆபீஸ்ல ஒரு மன்னிப்பு. அதனால "மாத்திருங்க"ங்கற வார்த்தை உங்களுக்கு வலிக்காது, நாலாயிரம் ரூபாயோட போயிடுது. ஆனா அந்தப் பழக்கம் உங்க ஊர் கடையில இருந்துதான் எங்க ஊர் கடைக்கு வருது. இங்க அது வேற இடத்துல வந்து நிக்குது. அதுக்குத்தான் உங்ககிட்ட சண்டை போடறேன். அடுத்த தடவை யாராவது மாத்தச் சொன்னா, "எவ்வளவு காட்டுது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்திட்டுத்தான் சோதிச்சாங்களான்னு கேளுங்க, காலியான பேட்டரியை மெஷின்ல வெச்சா நல்லதும் கெட்டதுன்னு காட்டலாம். ஓடறப்ப எவ்வளவு வருதுன்னு கேளுங்க. அளந்து சொல்ற ஆள் கிடைச்சா, பார்த்த கூலின்னு தனியா குடுங்க. மாமாவுக்கு நான் அப்புறம் ஒரு மூட்டை நெல்லு கொண்டு போய்ப் போட்டேன், வாங்க மாட்டேன்னு சண்டை, அத்தைகிட்ட குடுத்துட்டு வந்தேன்.

அந்தப் பச்சை பூத்த கேபிள் இன்னும் கொட்டாய்ல ஆணியில தொங்குது. சாளைப் பையன் லீவு நாள்ல வந்தா என் மீட்டரை எடுத்து எல்லாத்தையும் அளந்துக்கிட்டிருக்கான், நேத்து டிராக்டர், அதுக்கு முந்தின நாள் டார்ச் லைட் செல்லு. இன்னைக்குக் காலையில 800-ஐ அளந்துட்டு வந்து "அண்ணா, 12.58"ன்னான். மேக்கால இருட்டிக்கிட்டு வருது, வாய்க்கா மடையைத் திருப்பி விடப் போகணும்.